ஸ்னஃப்கின் வீடியோ கேம்: சின்னது, சுலபம் என்கிறார்கள் விமர்சகர்கள். பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

காட்பாடி அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது, பத்து மணிக்கு மேல் பிள்ளைகளைத் தெருவில் விட முடியவில்லை. பெரியவள் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், சின்னவனுக்கு ஐந்து வயது. வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி இருக்கிறது, ஆனால் இருக்கிற கேம் எல்லாம் ரேஸும் அடிதடியும், தோற்றவுடன் அழுகை. சுடுவது, வெட்டுவது எதுவும் இல்லாத ஒன்றைத் தேடியபோது 'ஸ்னஃப்கின்: மெலடி ஆஃப் மூமின்வேலி' கண்ணில் பட்டது. டோவே யான்சன் குழந்தைகளுக்கு எழுதிய, மூமின் என்ற கற்பனை உயிரினங்களின் கதைகளை வைத்து நார்வேயின் ஹைப்பர் கேம்ஸ் நிறுவனம் செய்தது, 2024 மார்ச்சில் வந்தது. விமர்சனங்களைப் படித்தால் ஓவியம் அழகு, இசை அழகு என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, புதிர்கள் ரொம்பச் சுலபம் என்று பலர் குறைப்படுகிறார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மூமின் கதை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அது தடையாக இருக்குமா?

குடியாத்தம் பெரியம்மா:
தம்பி, தாராளமாக வாங்குங்கள். தங்கை மகனுக்கு ஏழு வயது, அவனோடு போன லீவில் ஆடினேன். எங்களுக்கு இரண்டு வாரம் ஓடியது. பேச்சு எல்லாம் எழுத்தாகத்தான் வரும், தமிழும் கிடையாது, அதனால் ஒவ்வொரு வரியையும் நான் படித்து நம் பேச்சில் சொல்ல, அவன் கேள்வி கேட்க, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் என்று போனது. தனியாக உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிக்கிற பெரியவர் எண்ணுகிற மணிக்கணக்கு வேறு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆடுகிற கணக்கு வேறு.

கதை இதுதான்: குளிர்காலம் முழுக்க ஊர் சுற்றிவிட்டு வசந்தத்தில் நாடோடி ஸ்னஃப்கின், மூமின்கள் வாழும் பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறான். பார்த்தால் காட்டை அழித்துப் பூங்கா, 'அதைச் செய்யாதே, இதைத் தொடாதே' என்று எங்கும் பலகை, காவலுக்குப் போலீஸ். அவர்கள் கண்ணில் படாமல் பலகைகளைப் பிடுங்க வேண்டும், மவுத் ஆர்கன் வாசித்து வழி திறக்க வேண்டும். மாட்டிக்கொண்டாலும் பெரிய தண்டனை இல்லை, அதனால் அழுகையும் இல்லை. கேமை முடித்த பிறகு ஒரு சாயங்காலம் தங்கை மகனைக் கோட்டைப் பக்கம் கூட்டிப் போனேன். புல்வெளியில் இருந்த பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்!

ஆரணி வாசகன்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பதுங்கிப் போகிற பகுதிகளில் போலீஸ்காரர் ஒரே வழியில் போய்ப் போய் வருகிறார், இரண்டு பூங்காவுக்குப் பிறகு அதில் சுவாரஸ்யம் இல்லை. போன இடத்துக்கே திரும்பத் திரும்ப நடக்க வேண்டியிருக்கிறது. சில தடைகளைத் தாண்ட கேமில் பொறுக்கிச் சேர்க்கிற 'உத்வேகப் புள்ளி' போதுமான அளவு இருக்க வேண்டும், அதற்காகப் புதர் புதராகத் தேடி அலைந்தேன். என் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஒரே மதியத்தில் பெரும்பகுதியை முடித்துவிட்டு 'அவ்வளவுதானா சித்தப்பா' என்றாள். உங்கள் பிள்ளைகள் வயதுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் முழு விலை கொடுக்காதீர்கள், தள்ளுபடி வரும்வரை பொறுங்கள்.

ராணிப்பேட்டை வாசகி:
கதை தெரியாதது தடையே இல்லை, அண்ணா. நான் புத்தகங்களைப் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. யான்சன் பின்லாந்துக்காரர், ஸ்வீடிஷ் மொழியில் எழுதியவர். முதல் மூமின் கதை வந்தது 1945இல், உலகப்போர் முடிந்த வருஷம். 1966இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது வாங்கினார். ஸ்னஃப்கின் பலகை பிடுங்குவது கேம்காரர்கள் கற்பனை இல்லை, 1954இல் வந்த புத்தகத்திலேயே பூங்காக் காவலரை எதிர்த்து அதைத்தான் செய்கிறான். குழந்தைகளுக்கானது என்பதற்காக அவனை வெறும் நல்ல பிள்ளையாக மாற்றாமல், தனிமை பிடித்த, ஆணை பிடிக்காத ஆளாகவே விட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் இந்த கேமின் பெரிய பலம். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவின் இசை வரும் இடங்களில் சும்மா நின்று கேளுங்கள். அவசரப்பட்டு ஓடுகிறவர்களுக்கு அது சின்ன கேமாகத்தான் தெரியும். ஆரணி நண்பர் சொன்ன திரும்பி நடக்கிற சலிப்பு மட்டும் உண்மை, நடுப்பகுதியில் எனக்கும் வந்தது.

காட்பாடி அப்பா:
எல்லாருக்கும் நன்றி. தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன், அப்புறம் லீவு முடிந்துவிடும் என்று நேற்றே வாங்கிவிட்டேன். பெரியவள் படிக்கிறாள், சின்னவன் மவுத் ஆர்கன் பட்டனை மட்டும் விடுவதில்லை, நான் தமிழில் சொல்கிறேன். ஸ்னஃப்கினின் நண்பன் மூமின்ட்ரோல் எங்கே போனான் என்று தெரிந்தால்தான் தூங்குவேன் என்று பெரியவள் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா, அது எந்தக் கட்டத்தில் தெரியவரும் என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதையும் உடைத்துவிடாதீர்கள்.