உடற்பதம்: ‘ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங்’குக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்களின் உடம்பைத் தயார்செய்யும் ‘ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங்’ துறைக்கு ‘உடல் வலிமைப் பயிற்சி’ என்றாலே போதுமே என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது என்பது என் கட்சி.

காரைக்குடியில் உடற்கல்வி முடித்த என் தம்பி மகன், இந்தத் துறையில் முதுநிலை படிக்க வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான். படிப்பின் பெயரைக் கேட்டதும் எங்கள் ஆத்தா, “ஏன்டா, ஜிம் வைக்கவா அம்புட்டுத் தூரம் போற?” என்றார்கள். “ஜிம் இல்ல அப்பத்தா...” என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் தமிழில் சொல்லத் தெரியாமல் நின்றான். வேகப்பந்து வீச்சாளர் வாரத்துக்கு எத்தனை ஓவர் வீசினால் முதுகு தாங்கும், முழங்கால் அறுவைக்குப் பிறகு ஒருவரை எப்போது திடலில் இறக்கலாம் என்பதெல்லாம் அதில் பாடம். எடை தூக்கச் சொல்வது பாதிதான். போதும், இறக்கு என்று சொல்லத் தெரிவது மீதி.

ஆங்கிலப் பெயரும் ஒரே நாளில் வந்ததல்ல. எடை தூக்கினால் வீரர்கள் விறைத்துப்போவார்கள் என்று பயிற்சியாளர்கள் பலர் நம்பிய காலத்தில், 1969இல், அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்ளி என்பவரை எடைப்பயிற்சிக்கென்றே அமர்த்தியது. 1978இல் இத்துறைப் பயிற்சியாளர்களுக்கென்று அவர் சங்கம் தொடங்கியபோது அதன் பெயரில் ‘ஸ்ட்ரெங்த்’ மட்டுந்தான். ‘கண்டிஷனிங்’ சேர்ந்தது 1981இல். ஆக, இரண்டாவது சொல் பின்னால் ஒட்டிக்கொண்டது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை; ஒரே சொல்லாக ஆக்கிக்கொள்ளலாம்.

‘உடல்திறன்’ வேண்டாம். இயற்பியலில் ‘பவர்’ என்பதற்குத் திறன் என்று படித்திருக்கிறோம், இந்தத் துறையிலும் அது தனிச் சரக்கு. பெரிய எடையை மெல்லத் தூக்கி நிமிர்வது வலிமை, வெடுக்கென்று எம்பிக் குதிப்பது திறன். ‘வலு’ என்றால் இலங்கை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே பாடநூலில் வலுதான் ‘பவர்’. ‘கண்டிஷனிங்’குக்கு உளவியலில் வழங்கும் ‘ஆக்கநிலையுறுத்தல்’, சோதனைக்கூடத்தில் மணியடித்தால் எச்சில் ஊறும் நாய்க்குச் சரி, ஓட்டக்காரருக்கு ஒட்டாது.

எனக்கு முதலில் பிடித்தது ‘தேற்றம்’. சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு விடும் காளையை நீந்தவிட்டு, நடக்கவிட்டு, மண்ணைக் குத்தவிட்டுப் பழக்குகிறார்கள். “மாடு நல்லாத் தேறியிருக்கு” என்பது எங்கள் பக்கப் பேச்சு. கண்டிஷனிங் என்றால் அதேதான். ஆனால் தேற்றம் என்றதும் பிதாகரஸ் வந்து நிற்கிறார். நோயாளியைத் தேற்றுகிற வாடையும் அடிக்கிறது.

அப்புறம்தான் ‘பதம்’. ஆத்தா அதிரசப் பாகைக் காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டு வந்தால் பதம். கொஞ்சம் அசந்தால் இறுகிவிடும். மாவில் ஊற்றிப் பிசைந்ததும் சுடவும் மாட்டார்கள். ஒரு நாளாவது மூடிவைப்பார்கள். இதைச் சொன்னதும் தம்பி மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பளு ஏற்றுவது, அளந்து பார்ப்பது, ஓய்வு கொடுப்பது என்று அவன் பாடத்தின் மூன்று கூறுகளும் அதில் இருக்கின்றனவாம். உடம்பு தேறுவதும் அந்த ஓய்வில்தானே.

‘பதப்படுத்துதல்’ என்றால் தோலும் டின் மீனும் நினைவுக்கு வரும், ஒத்துக்கொள்கிறேன். ‘பதம் பார்த்துவிட்டது’ என்றால் அடிபட்டது என்று பொருள், அதுவும் தெரியும். அதனால் ‘படுத்துதல்’ இல்லாமல், முன்னால் உடலைச் சேர்த்து ‘உடற்பதம்’ என்கிறேன். பயிற்சி உடற்பதப் பயிற்சி. தருபவர் உடற்பதப் பயிற்றுநர். வலிமை, திறன், தாங்குதிறன் எல்லாம் அதன் உறுப்புகளாக அடங்கிவிடும்.

படிப்புக்கு ‘உடற்பதப் பயிற்சியியல்’ என்று வைக்கலாம். ‘உடற்பதவியல்’ என்று மட்டும் யாரும் சுருக்கிவிடாதீர்கள். பையன் ஏதோ பதவிக்குப் படிக்கிறான் என்று ஊரில் பெண் கொடுக்க வந்துவிடுவார்கள்.