தக்கையா, அடையா? இடியன் துவக்கின் மட்டை வட்டத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடும் சன்னத் துவக்கை (சன்னம் என்னும் சிறு ஈயக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கி; எங்கள் பேச்சில் இடியன்) பற்றிய பழைய கைநூல் ஒன்றைத் தமிழாக்கிவரும் நண்பர், குழலுக்குள் மருந்துக்கு மேலும் சன்னத்துக்கு மேலும் வைக்கப்படும் தடித்த காகித மட்டை வட்டத்தை எப்படி அழைக்கலாம் என்று கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்து ஐயா ‘தக்கை’ என்றார். கோயம்புத்தூர் அம்மையார் அதற்கு ‘அட்டை வில்லை’ என்றும், அதற்கு எண்ணெய் ஊட்டுவதை ‘மசகிடல்’ என்றும் முன்மொழிந்தார். இருவரும் என்னைவிடத் தமிழ் அறிந்தவர்கள். ஆயினும் இம்மூன்று சொற்களில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நான் வளர்ந்தது பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) கீழே தேயிலை மலை முடிந்து கிராமத்து உருளைக்கிழங்குப் பாத்திகள் தொடங்கும் இடத்தில், அனுமதிப்பத்திரத்தோடு இடியன் துவக்கு வைத்திருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் குடியிருந்தார். காட்டுப்பன்றி இறங்கும் மாதங்களில் என் சித்தப்பாவும் அவரும் ஒன்றாகக் காவல் இருப்பார்கள். பொழுது சாயும் வேளையில் அவர் துவக்கைத் தயார்செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சவுக்காரப் பெட்டியின் மட்டையை மரக்கட்டைமேல் விரித்து, விளிம்பு தீட்டிய இரும்புக் குழாய்த் துண்டை அதன்மேல் நிறுத்தி, ஒரே அடியில் ஒரு வட்டம் வெட்டி எடுப்பார். வெட்டிய வட்டத்தைக் கட்டைவிரலால் குழல் வாயில் அழுத்திப் பார்த்து, எதிர்ப்பில்லாமல் உள்ளே போய்விட்டால் அதை எறிந்துவிடுவார். வாயில் சற்று அடம்பிடித்து, பிறகு ஒரு விளிம்பு முதலில் இறங்கி, உள்ளே போனபின் நிமிர்ந்துகொள்ளும் வட்டமே அவருக்கு வேண்டியது. பிறகு கோலால் இடிப்பார். போதுமான அளவு இடிபட்டதும் கோல் கையில் துள்ளும், சத்தமும் மாறும்.

இடிப்பதால்தான் இடியன் என்றே நாங்கள் கேட்டு வளர்ந்தோம். இடிபோல் முழங்குவதால் வந்த பெயர் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் ஒரு கருவியைக் கையாளும் மனிதன் அதற்குத் தன் கை செய்யும் வேலையிலிருந்தே பெயர் வைப்பான் என்பது என் எண்ணம், மேலே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இப்பொழுது அந்த வட்டங்களின் வேலைக்கு வருகிறேன். குழலுக்குள் போவது ஒரு வட்டம் அன்று. முறையாக ஏற்றினால் மூன்று. மருந்தின்மேல் நேரே அமர்வது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள கெட்டியான மட்டை; மருந்து எரிந்து எழும் வாயு சன்னத்துக்குள் புகுந்து சிதறாமல் அதைத் தடுத்து, பின்னிருந்து ஒரே தள்ளாகத் தள்ளுவது அதன் பொறுப்பு. அதன்மேல் வருவது கம்பளியாலோ தும்பாலோ ஆன, 12 மில்லிமீற்றர் அளவுக்குத் தடித்த மெத்தென்ற வட்டு; இதைத்தான் மெழுகிலும் கொழுப்பிலும் ஊறவைக்கிறார்கள். அதற்கு மேல் சன்னம். சன்னத்துக்கும் மேலே, 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில், அது உருண்டு வெளியே வராமல் பிடித்துக்கொள்வதற்காக மட்டும் ஒரு மெல்லிய மட்டை. இது தடித்திருந்தால் வாயைவிட்டு வெளியேறும் சன்னத்துக்கு முன்னால் தடையாக நின்று அதைக் கலைத்துவிடும். ஆகவே கீழே கெட்டியானதும் மேலே மெல்லியதும் மாறக் கூடாது.

இம்மூன்றையும் ‘தக்கை’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒருநாள் பெரியவர் ஊரில் இல்லாதபோது, சித்தப்பாவுக்குத் தெரிந்த இன்னொருவர் அந்தத் துவக்கை ஏற்றினார். எண்ணெய் ஊட்ட வேண்டும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். எதற்கு என்பது அவருக்குத் தெரியாது. மட்டையையே தேங்காயெண்ணெயில் தோய்த்து நேரே மருந்தின்மேல் வைத்து இடித்துவிட்டார். அன்றிரவு மலை முழுவதும் பனிமூட்டம். விடியற்காலையில் பன்றி பாத்திக்குள் நிற்கையில் கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மட்டும் ‘டிக்’ என்றது, துவக்கு வெடிக்கவில்லை. எண்ணெய் மருந்துக்குள் இறங்கிக் களியாக்கியிருந்தது. வெடிக்காத துவக்கின் முன் எவரும் நிற்க வேண்டாம் என்று சித்தப்பா எங்களைத் தூர விலக்கியதும், ஊர் திரும்பிய பெரியவர் நாள் முழுவதும் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. மருந்தைத் தொடும் மட்டை உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் அதற்கு மேலுள்ள வட்டுக்கே உரியது. உலர்ந்த மட்டை வாயுவுக்கு மட்டுமன்றி எண்ணெய்க்கும் தடையாக நடுவில் நிற்கிறது. நண்பரின் மொழிபெயர்ப்பில் ‘மசகிட்ட தக்கையை மருந்தின் மேல் வைக்கவும்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் இதே தவறு அச்சில் ஏறிவிடும்.

‘தக்கை’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பாடநூல்களில் தக்கை என்பது ஒரு பொருளின் பெயராக, மரப்பட்டையில் உண்டாகும் அந்த இலேசான இழையத்தின் பெயராக, நிலைபெற்றுவிட்டது. சன்னத் துவக்கின் நடுவட்டை உண்மையிலேயே அந்தத் தக்கையால் செய்வதும் உண்டு. அப்போது ‘தக்கைத் தக்கை’ என்று எழுத நேரும்.

‘வில்லை’ என்பது இலங்கை மாணவனுக்கு ஒளியியலில் வருவது. ‘சில்லு’ என்று எவரேனும் சொல்ல நினைத்தால், இங்கே சில்லு வண்டியின் கீழ்தான் உருளும். ‘அட்டை’ பற்றியும் சொல்ல வேண்டும்: கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலில் சவுக்காரமும் உப்பும் தேய்த்துக்கொண்டு போவது எந்த அட்டைக்காக என்பதை மலைநாட்டார் எவரும் அறிவார்கள். ஈரத்தையும் எண்ணெயையும் பற்றிப் பேசும் ஒரு கைநூலில் அச்சொல்லை முதற்சொல்லாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. கொப்பியின் மேலுறைக்கும் பெட்டிக்கும் நாம் சொல்லும் ‘மட்டை’ இருக்கிறது. பொருளைக் குறிக்க அது போதும்.

இனி ‘மசகு’. தமிழகத்தில் மசகு எண்ணெய் என்பது இயந்திரத்தின் உராய்வைக் குறைக்க விடும் எண்ணெய். இலங்கைச் செய்தித்தாள்களிலோ மசகு எண்ணெய் என்றால் நிலத்திலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத எண்ணெய். உலகச் சந்தையில் பீப்பாய்க் கணக்கில் விலை சொல்லப்படுவது அது. இந்த இடத்தில் இக்குழப்பம் வெறும் சொற்குழப்பமாக நிற்காது. கரிமருந்து (கரி சேர்ந்த பழைய வகை வெடிமருந்து) இடும் துவக்குக்குப் பெற்றோலியம் வழிவந்த எண்ணெய் வகைகள் பொதுவாக ஆகா; அவை எரிந்த கரியோடு சேர்ந்து தார்போல் ஒட்டிக்கொள்ளும். தேன்மெழுகு, ஆட்டுக்கொழுப்பு, தாவர எண்ணெய் ஆகியவையே அதற்குப் பழகியவை. ‘மசகு’ என்று எழுதினால் நம் வாசகர் தவறான போத்தலையே எடுப்பார்.

பாடநூலில் உள்ள ‘உராய்வுநீக்கி’யை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இங்கே எண்ணெய் செய்யும் முதல் வேலை உராய்வை நீக்குவது அன்று. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திண்மமாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையாகப் போக, மிச்சம் குழலின் உட்சுவரில் படிந்து இறுகுகிறது. சில வெடிகளுக்குப்பின் அடுத்த மட்டை எளிதில் கீழே இறங்காது. அந்தப் படிவை இளக்கி, அடுத்த வட்டு இறங்கும்போதே வழித்துச் செல்லும்படி செய்வதற்காகவே நடுவட்டுக்குக் கொழுப்பு ஊட்டுகிறார்கள். சோற்றுப்பானையின் அடியில் ஒட்டியதை நாம் பற்று என்கிறோம். இதைக் ‘கரிப்பற்று’ என்று சொல்ல விரும்புகிறேன். பற்றுப் பாத்திரம் போலவே இதுவும் வெந்நீருக்கு நன்றாகக் கரையும். ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும் தன்மையும் அதற்கு உண்டு. எங்கள் பக்கத்துக் காற்றில் ஓர் இரவு விட்டுவைத்தாலே துரு தெரியும்.

கொழுப்பு ஊட்டுவதற்குப் பழந்தமிழிலேயே ‘நெய்ப்பு’ என்ற சொல் இருக்கிறது. பசையான எண்ணெய்த் தன்மை என்று பொருள். மெழுகுக்கும் கொழுப்புக்கும் எண்ணெய்க்கும் பொதுவாக நிற்கும். ஆகவே ‘நெய்ப்பூட்டல்’. ஊட்டல் என்ற வினை வட்டின் உள்ளே ஊறுவதையும் சொல்லிவிடுகிறது. ஆனால் அளவறிந்து ஊட்ட வேண்டும். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறிய வட்டு பாரமாகி, வெளியே போனபின்னும் சன்னத்தைப் பின்னாலிருந்து முட்டி, நடுவில் வெறுமையான வளையமாக அதைச் சிதறவைக்கும்.

இறுதியாக, அந்த வட்டத்தின் பெயர். ‘அடை’ என்பது என் முன்மொழிவு. மடையை அடைக்கிறோம், துளையை அடைக்கிறோம். அடைப்பு, அடைசல் எல்லாம் அதன் கிளைகளே. தேனடை என்னும்போது இடைவெளியின்றிச் செறிந்திருப்பதும் அதில் தொனிக்கிறது. தின்னும் அடையோடு மயங்காதா என்றால், அதுவும் வட்டமாகத் தட்டிய பொருள்தான். வாக்கியத்தில் மயங்க இடமில்லை. மூன்றையும் பிரிக்க முதலில் ‘மருந்தடை, சன்னவடை’ என்று எழுதிப் பார்த்தேன். முன்னது மருந்துக்கு விதித்த தடைபோல் ஒலிக்கிறது, பின்னது புணர்ச்சியில் வடையாகிவிடுகிறது. ஏற்றும்போது துவக்கு வாய் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்பதால், இடத்தைக்கொண்டே பெயரிடுவது தெளிவு: கீழடை, இடையடை, மேலடை. பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் மட்டைக் கீழடை, கம்பளி இடையடை என்று சேர்த்துக்கொள்ளலாம். அளவைச் சொல்லும்போது, ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றின் விட்டமும் எவ்வளவோ அதுவே 12ஆம் எண் குழலின் உள்விட்டம் என்பதையும், அது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் என்பதையும் நண்பர் அடிக்குறிப்பாகத் தர வேண்டும். எண் கூடினால் குழல் ஒடுங்கும் என்பது தெரியாதவர் அடையைத் தவறாக வெட்டுவார்.

இப்படி வைத்துக்கொண்டால் கைநூலின் அந்தப் பகுதி பின்வருமாறு அமையும்:

“பற்றுவாயில் (கேப்பு பொருந்தும் துளைமுனையில்) கேப்பு இல்லை என்பதையும் குழல் வெறுமையாக இருக்கிறது என்பதையும் இடிகோலை விட்டுப் பார்த்து உறுதிசெய்க. மருந்து இட்டபின் உலர்ந்த கீழடையை இறக்கி, உள்ளிருக்கும் காற்று பற்றுவாய் வழியே வெளியேறும்படி மெதுவாக அழுத்தி, மருந்தோடு ஒட்ட இடிக்க. நெய்ப்பூட்டிய இடையடையை அதன்மேல் இறக்குக. சன்னம் இட்டு மேலடையால் மூடுக. அடைகளுக்கு இடையே வெற்றிடம் இருத்தலாகாது. இருப்பின் குழல் புடைக்கும், பிளக்கவும் கூடும். இரட்டைக் குழலாயின், ஒன்றைச் சுட்ட அதிர்வில் மற்றதன் மேலடை முன்னே நகர்ந்திருக்கக் கூடும். ஆதலால் மீண்டும் ஏற்றும் ஒவ்வொரு முறையும் மற்றைய குழலின் கேப்பைக் கழற்றிவிட்டு, அதையும் இடிகோலால் அழுத்திப் பார்க்க.”

‘இடிகோல்’ என்பதை விளக்கமின்றியே எழுதியிருக்கிறேன். இடியன் இருக்கும் வீட்டில் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

ஒரு வேண்டுகோள். நான் பார்த்தது ஒரு துவக்கையும் ஒரு பெரியவரையும்தான். அவர் அந்த மட்டைக்குச் சொன்ன பெயரும் சிங்களத்தில் இருந்தது. வன்னியிலும் மட்டக்களப்புப் பக்கத்திலும் தலைமுறையாக இடியன் பழகிய குடும்பங்களைச் சேர்ந்த நண்பர்கள் இக்குழுமத்தில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மருந்துக்கு மேல் வைத்து இடித்த தும்புக்கோ மட்டைக்கோ ஒரு தமிழ்ப்பெயர் சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அது எத்தகைய பேச்சுவழக்குச் சொல்லாக இருந்தாலும், என் ‘அடை’யை எடுத்துவிட்டு அதையே வைக்கும்படி நண்பரைக் கேட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
ஊவா மலைப்பக்கத்திலிருந்து.