அலாஸ்கா போகும்போது இடுப்பில் எது? கரடிக்கென்று பெரிய காலிபர் பிஸ்டல் தேர்வு: பனிப்பாதை, ரேஞ்ச்மாஸ்டர், ஆற்றங்கரை என்ற பெயர்களில் மூவர் கருத்து

பனிப்பாதை:

அலாஸ்காவில் மீன் பிடிக்கவோ முகாம் போடவோ போகிறவர்கள் முதலில் கேட்பது "எது ரொம்ப பவர்?" என்றுதான். அந்த ஒரே கேள்வியோடு கடைக்குப் போனால் டெஸர்ட் ஈகிள் என்ற பெரிய பிஸ்டலோடுதான் வெளியே வருவீர்கள். அதன் .50 ஏஈ தோட்டா 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்கு 1,475 அடி வேகத்தில் தள்ளும். குண்டின் சக்தி ஏறக்குறைய 1,450 அடி-பவுண்டு. 10 மி.மீ. ஆட்டோ என்ற தோட்டாவில் முழுச் சக்தி லோடு (மருந்தும் குண்டும் சேர்ந்த அளவு) என்றால் 200 கிரெய்ன், 1,200 அடி, 640 அடி-பவுண்டு. கணக்கில் பாதிகூட வராது. இருந்தும் கரடி நாட்டுக்கு 10 மி.மீ.தான் எடுக்கணும் என்று அடித்துச் சொல்வேன்.

முதல் காரணம் குண்டு. பழுப்புக் கரடிக்குத் தோல், கொழுப்பு, தோள்பட்டைத் தசை, எலும்பு எல்லாம் தாண்டி உள்ளே போகணும். அதற்கு விரியாத, மூக்கு தட்டையான கெட்டி ஈயக் குண்டுதான் பலரும் நம்புவது. டெஸர்ட் ஈகிள் வாயுவால் இயங்கும் துப்பாக்கி. குழலில் உள்ள சிறு துளை வழியாக வாயு போய், மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகமான ஸ்லைடைத் தள்ளுகிறது. உறையில்லாத ஈயக் குண்டு சுட்டால் ஈயம் சீவி அந்தத் துளையை அடைக்கும். அதனால்தான் தாமிர உறை போட்டதை மட்டும் சுடச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டிய குண்டையே அதில் போட முடியாது.

இரண்டாவது எடை. டெஸர்ட் ஈகிள் தோட்டா இல்லாமலே 2 கிலோ; .50 என்றால் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) 7 தோட்டா. 10 மி.மீ. பிஸ்டலான கிளாக் 20 காலியாக 800 கிராமுக்குள், 15 தோட்டா. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர் 2 கிலோவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார். அங்கேதான் ஆபத்து.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. டெஸர்ட் ஈகிளின் மேகசின் உள்ளே கொஞ்சம் ஆடும்படி அமைந்தது. இடது கையை அதன் அடியில் கொடுத்துத் தாங்கினால் மேகசின் மேலே தள்ளப்பட்டு அடுத்த தோட்டா சரியாக ஏறாது. ரேஞ்சில் "இது ஜாம் ஆகிற துப்பாக்கி" என்று குறை சொல்கிறவர்கள் பலரின் பிடியைப் பார்த்தால் காரணம் தெரியும். இலக்குப் பலகைக்கும் உலோகத் தகட்டுக்கும் அது அருமையான துப்பாக்கி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிரீன்லாந்தின் வடகிழக்கில் டென்மார்க்கின் சீரியஸ் நாய்வண்டி ரோந்துப்படை பனிக்கரடி வரும் இடத்தில் இரண்டிரண்டு பேராகத்தான் போகிறது. 9 மி.மீ. பிஸ்டல் போதவில்லை என்று அவர்கள் மாறியது கிளாக் 20-க்கு. ரைஃபிளும் கூடவே போகும். பிஸ்டல் என்பது ரைஃபிள் கைக்கு எட்டாத நேரத்துக்கு.

ரேஞ்ச்மாஸ்டர்:

10 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். இந்தத் தோட்டா 1983-ல் பிரென் டென் பிஸ்டலோடு வந்தது. 1986-ல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ இதை எடுத்து, உதை தாங்கவில்லை என்று சக்தியைக் குறைத்தது. அந்தக் குறைந்த அளவையே சின்னத் தோட்டாக் கூட்டில் அடைத்ததுதான் 1990-ல் வந்த .40 எஸ்&டபிள்யூ. இன்றைக்கும் மலிவான 180 கிரெய்ன் 10 மி.மீ. பெட்டிகள் பல 1,030 அடி வேகத்தில்தான் இருக்கும். 425 அடி-பவுண்டைத் தாண்டாது. அதில் பழகிவிட்டுக் காட்டுக்கு 220 கிரெய்ன், 1,200 அடி லோடு கொண்டுபோனால் 700 அடி-பவுண்டு. உதையும் வேறு, துப்பாக்கி நடந்துகொள்வதும் வேறு.

கிளாக் 20-ல் பார்க்க வேண்டியவை:

குழல். கிளாக்கின் பலகோணக் குழலில் உறையில்லாத ஈயம் வேண்டாம் என்கிறது தயாரிப்பாளரின் கையேடு. ஈயம் படிந்து குழல் குறுகினால் அழுத்தம் ஏறும். கெட்டி ஈயம்தான் வேண்டுமென்றால் சாதாரணப் பள்ளம் வெட்டிய மாற்றுக் குழல் வாங்குங்கள். மாற்றுக் குழலில் அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம், இறுக்கமாக இருக்கும். தோட்டாவை அறையில் போட்டால் 'டக்'கென்று தானே உட்காரணும், கவிழ்த்தால் தானே விழணும். விழாத லோடைத் தள்ளி வையுங்கள்.

ஸ்பிரிங். இதில்தான் அதிகம் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் போன ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் ஆலையில் வருவது 17 பவுண்டு. "சூடான லோடு, 22 போடு" என்று யாராவது சொல்வார்கள். ஸ்பிரிங் கடினமானால் ஸ்லைடு வேகமாகத் திரும்பும். கீழே 15 கனமான தோட்டாவைத் தூக்க வேண்டிய மேகசின் ஸ்பிரிங்குக்கு நேரம் போதாது. விளைவு, தோட்டா மூக்குக் குத்தி நிற்கும், இல்லையென்றால் காலி அறைமேல் ஸ்லைடு மூடிக்கொள்ளும். விசையை இழுத்தால் ஒன்றும் வெடிக்காது. மாற்றுவதாக இருந்தால் 20-க்கு மேல் போகாதீர்கள், மேகசின் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் புதிதாக்குங்கள்.

கூடு. சுட்ட கூட்டைப் பொறுக்கி அடிப்பக்கம் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே ஒரு பக்கம் பிதுங்கி, சிரித்த வாய் மாதிரிக் கோடு தெரிந்தால் அறை அந்த இடத்தில் தாங்கவில்லை. அந்த லோடை நிறுத்துங்கள்.

அவசரத்துக்கு .40 தோட்டாவை 10 மி.மீ. குழலில் சுடுகிறவர்கள் உண்டு. 10 மி.மீ. கூடு 25.2 மி.மீ., .40 கூடு 21.6 மி.மீ. இரண்டுமே கூட்டின் வாயால்தான் அறையில் நிற்க வேண்டியவை. குட்டையான கூட்டைப் பிடித்திருப்பது சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி மட்டும். செய்யாதீர்கள்.

இன்னொன்று. தினமும் இரவில் தோட்டாவை எடுத்துக் காலையில் அதையே திரும்ப ஏற்றினால், குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைய அழுத்தம் எகிறும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதை அறையில் ஏற்றாதீர்கள்.

சோதனைக்குக் காட்டுக்குக் கொண்டுபோகும் அதே லோடில் குறைந்தது 100. அதில் பத்துப் பதினைந்தை ஒற்றைக் கையிலும், இன்னும் சிலவற்றை இடது கையிலும் சுடுங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. கரடி கீழே தள்ளிய பிறகு நல்ல பிடி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆற்றங்கரை:

மேலே சொன்னது அத்தனையும் சரி. தேர்வு செய்யும்போது துப்பாக்கியை வைக்கும் உறையையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள் என்பேன். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை பக்கவாட்டு உறையை மூடிவிடும், தண்ணீரில் நிற்கப் போடும் நீர்புகா உடையான வேடர் போட்டாலும் அப்படியே. மார்பில் குறுக்காகக் கட்டும் உறை இரண்டுக்கும் ஒத்துவரும்.

2018-ல் வயோமிங்கின் டீட்டன் காட்டில் ஒரு வேட்டை வழிகாட்டியும் கூட வந்தவரும் எல்க் மான் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தபோது கரடி பாய்ந்தது. 10 மி.மீ. பிஸ்டல் சற்றுத் தள்ளிப் பைகளோடு கிடந்தது. கூட இருந்தவர் எடுத்தும் சுட முடியவில்லை. வழிகாட்டியை நோக்கி எறிந்தார், அவர் கைக்கு வந்து சேரவில்லை. வழிகாட்டி இறந்துபோனார். உடம்பில் இல்லாத பிஸ்டலுக்கு எந்தக் காலிபரும் ஒன்றுதான்.

2016-ல் அலாஸ்காவின் பெச்சரோஃப் ஏரிப் பக்கம் நடந்தது இதற்கு நேர் எதிர். மீன் பிடிக்க வந்தவர்களோடு இருந்த வழிகாட்டி பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை 9 மி.மீ. பிஸ்டலாலேயே வீழ்த்தினார். போட்டிருந்தது 147 கிரெய்ன் கெட்டி ஈயம். இதைக் காட்டி "9 போதும்" என்று நான் சொல்லமாட்டேன். அவர் பல வருடம் கரடிகளோடு பழகியவர். ஆனால் ஆழம் போகும் குண்டும், கையில் அடங்கும் துப்பாக்கியும் என்ன செய்யும் என்று அதில் தெரிகிறது.

பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடும். 30 மீட்டரை இரண்டு நொடியில் கடந்துவிடும். அதனால் கடையில் கேட்க வேண்டியது, உறையிலிருந்து உருவி அந்த நேரத்துக்குள் இரண்டு குண்டு ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் போட முடிகிறதா என்பது. கிளாக் 20-ன் கைப்பிடி பெரிது. விசைக்கு விரல் எட்டத் துப்பாக்கியைக் கைக்குள் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உங்களுக்கு இல்லை; கைப்பிடி குறைத்த கிளாக் 20 எஸ்எஃப் மாடல், ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் எம்&பி 2.0 இரண்டையும் பிடித்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் ரிவால்வரே மேல். கரடி மேலே ஏறிவிட்டபின் குழலை அதன் உடம்பில் அழுத்தினால் செமி ஆட்டோவின் ஸ்லைடு பின்னுக்குப் போய்ச் சுடாமல் நின்றுவிடும். .44 ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. பிஸ்டல்காரர்கள் குழலைக் கொஞ்சம் விலக்கிச் சுடப் பழகணும்.

குளிர் காலத்தில் எண்ணெயை மிகக் குறைவாக, உறையாத வகையாகப் போடுங்கள். துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்து திரும்ப வெளியே எடுத்தால் உள்ளே வியர்த்த நீர் தோட்டாவை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் பாதையில் உறையும். வெளியே கொண்டுபோனதை வெளியிலேயே வையுங்கள்.

பனிப்பாதை:

பயணம் பற்றிச் சுருக்கமாக. காரில் அலாஸ்கா போகிறவர்கள் கனடா வழியாகக் கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே விதி மிகக் கடுமை. விமானத்தில் தோட்டா இறக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லி, சரக்கில்தான் போடணும். கரடி ஸ்பிரே (மிளகாய்க் காரம் பீய்ச்சும் கேன்) சரக்கிலும் போகாது; இறங்கிய ஊரில் வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். அலாஸ்காச் சம்பவங்களை வைத்து வந்த ஆய்வுகளில் ஸ்பிரே பழுப்புக் கரடிகளைப் பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் நிறுத்தியிருக்கிறது.

தற்காப்புக்காகக் கரடியைச் சுட்டால் அதோடு முடிவதில்லை. நகத்தோடு தோலையும் மண்டையோட்டையும் எடுத்து மாநிலத்திடம் ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை கொடுக்கணும். தோல் உரிக்க ஒரு நல்ல கத்தியும் அந்தப் பையில் இருக்கட்டும்.