இரண்டு கிலோ

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தபோது நடந்தது இது. டிசம்பர், பழம் பறிப்பு மும்முரம். சாயங்காலம் எல்லாரும் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள், எடை போட்டு நோட்டில் எழுதுவது என் வேலை, கூலி கிலோ கணக்குதான். ஒரு திங்கட்கிழமை மேனேஜர் வந்து, பனி ஈரம், மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்து எழுது என்றார். அவரும் எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்தான். நான் விழித்ததைப் பார்த்து, "அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கணும்னு நேத்து சர்ச்ல பாஸ்டர் பிரசங்கம் பண்ணாரே, தூங்கிட்டியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூன்று நாள் அப்படியே எழுதினேன்.

வரிசையில் ஒரு அக்கா வருவார். பச்சைக்காயையும் சேர்த்து உருவினால் எடை கூடும், காபி கெட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவரோ வழியில் உட்கார்ந்து பச்சையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சிவந்த பழமாகவே கொண்டுவருவார். நாலாம் நாள் அவர் கேட்டார்: "தம்பி, மிஷின் முப்பத்தொண்ணு காட்டுது. உங்க பேனாவுக்குக் கண்ணு தெரியலையா?"

அன்றைக்கு ராத்திரி பைபிளில் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். மேனேஜர் சொன்ன 20ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோமே, அடுத்த வசனத்திலேயே அந்த நிருபத்தை எழுதிய பவுல், அடிமையாக இருக்கிறவனுக்கு விடுதலை கிடைக்குமானால் அதைப் பிடித்துக்கொள் என்கிறார். 23இல், கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள் (அதாவது விலை கொடுத்து வாங்கப்பட்டீர்கள்), மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள். 1520இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதியதும் எப்போதோ வேதபாட வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது: கிறிஸ்தவன் யாருக்கும் கீழ்ப்பட்டவனல்ல, அதே சமயம் எல்லாருக்கும் ஊழியக்காரன். வகுப்பில் அது குழப்பமாக இருந்தது. அந்த அக்காவைப் பார்த்தபிறகு அவ்வளவு குழப்பமில்லை, வேலையில் துளி குறை வைக்காதவர்தானே அப்படி நிமிர்ந்து கேட்டார்.

மறுநாள் மிஷின் காட்டியதையே எழுதினேன். மேனேஜர் கத்தினார். "சார், ஆறு மணிக்கு வரச் சொன்னாலும் வர்றேன், இந்த எண்ணை மட்டும் மாத்த மாட்டேன்" என்றேன். (குரல் நடுங்கியது, வீரமெல்லாம் ஒன்றுமில்லை.) சரி, களத்துக்குப் போ என்றார். சீசன் முடியும்வரை வெயிலில் பலகையால் காபியைத் தள்ளித் தள்ளிக் காயவைத்தேன். அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், அதில் எனக்கு அவரோடு சண்டை இல்லையே.

என் இடத்துக்கு வந்த பையன் ஒரு கிலோதான் கழித்தான் என்று கேள்வி.

அக்கா அடுத்த வருஷம் பறிப்புக்கு வரவில்லை. சேலத்தில் கொலுசுப் பட்டறையில் சேர்ந்துவிட்டாராம். கடைவீதியில் பார்த்தபோது, "அங்கேயும் எடைதான் தம்பி, ஆனா கிராம்ல. நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்" என்றார்.