கேட்டவர் திரும்பி வராவிட்டால் ‘தீர்ந்தது’ என்று யார் போடுவது?

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்துக்கான உதவிக் குழு ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். பிரிண்டர் ஓடவில்லை, வைஃபை வரவில்லை என்று பதறிக்கொண்டு வருகிறார்கள், பதில் கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறார்கள். 200 கேள்விக்கு மேல் திறந்தபடியே கிடக்கிறது. நானே ‘தீர்ந்தது’ என்று குறித்துவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். பதில் நமக்குச் சரியாகத் தெரிவது வேறு, அவர் கணினியில் வேலை செய்தது வேறு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தில் கேட்டவர் மட்டும்தான் ஒரு பதிலை ஏற்றுப் பச்சை டிக் போட முடியும், தளத்தை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர்கூட அவருக்காகப் போட முடியாது. போட்டால் பதில் சொன்னவருக்கு 15 புள்ளி, கேட்டவருக்கும் 2.

பதில் 2:
“நன்றி, வந்துவிட்டது” என்று கேட்டவர் எழுதியிருந்தால் நீங்களே குறிக்கலாம், அவரே சொல்லிவிட்டாரே. ஒன்றும் சொல்லாதவர்களுக்கு ‘பதில் வரவில்லை’ என்று தனிக் குறி வையுங்கள். போன மாதம் என் லேப்டாப்பில் சத்தம் வராமல், ‘தீர்ந்தது’ என்றிருந்த ஒரு கேள்வியை நம்பி மூன்று மணி நேரம் ஒவ்வொரு கட்டளையாகப் போட்டுப் பார்த்தேன், கடைசியில் பார்த்தால் அந்த மனிதர் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறார். அது எனக்கு எப்படித் தீர்வாகும்?

கேட்டவர்:
சரி, புரிகிறது. தனிக் குறியே வைத்துவிடுகிறேன். இன்று ராத்திரி முதல் 20 கேள்வியை எடுத்து, “சரியாகிவிட்டதா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.