பிள்ளைகளுக்கு மாடித்தோட்டம் சொல்லித்தர எதில் தொடங்கலாம்? (பெங்களூரு)

கேள்வி: அல்சூர் மாடி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 9 முதல் 14 வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள். ஜூன் நடுவில் தொடங்கி எட்டு ஞாயிறு வகுப்பு. மொட்டை மாடியில் இடம் உண்டு, தண்ணீர் போர்வெல். பெரியவர்கள் தக்காளி போடச் சொல்கிறார்கள். எட்டு வாரத்துக்குள் பிள்ளைகள் கையில் விளைச்சல் வர வேண்டும். எந்தப் பயிர், என்ன மண்கலவை, எங்கே கெட்டுப்போகும்?

பதில்: கீரைப்பாத்தி

தக்காளி வேண்டாம். நாற்றுக்கே நாலு வாரம் போய்விடும். செடியில் பூ வரும்போது உங்கள் வகுப்பு முடிந்திருக்கும். வெந்தயக்கீரையும் முள்ளங்கியும் போதும்.

வெந்தயம் சமையலறை டப்பாவில் இருப்பதே முளைக்கும். இரவு ஊறவைத்து, 6 அங்குல ஆழமுள்ள தட்டில் தூவி, அரை சென்டிமீட்டர் மண்ணால் மூடுங்கள். மூன்று நாலு நாளில் முளை, 25 நாளில் அறுவடை. பாக்கெட்டில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி பூசியது. பிள்ளைகள் வகுப்புக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள்.

முள்ளங்கியைப் பிடுங்கி நடக்கூடாது. வேர்நுனி அறுந்தால் கிழங்கு கவட்டையாகிவிடும். செடி வளர்க்கும் பையில் நேரடியாக 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். இரண்டாவது வாரம் செடிக்குச் செடி நாலு விரல் இடைவெளி இருக்கும்படி, நெருக்கமாக உள்ளவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு மனசே வராது. கலைக்காவிட்டால் இலை தழைக்கும், கிழங்கு பென்சில் பருமனைத் தாண்டாது. ஒரு பையை மட்டும் கலைக்காமல் விட்டு, 45ஆம் நாள் இரண்டையும் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இடைவெளி எதற்கு என்று அதற்குமேல் விளக்க வேண்டியதே இல்லை. கலைத்த குருத்துகளை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம்.

பதில்: செம்மண்

கலவை: செம்மண், மண்புழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. 12×12 அங்குலப் பை ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும், ஒன்பது பைக்குச் சரியாக இருக்கும். பிள்ளைக்கு ஒரு பை என்றால் இரண்டு கட்டி வாங்குங்கள். பொதுப் பையாக வைத்தால் யாருமே பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியாமல் போட்டால், அதில் உள்ள உப்பு முளையைக் கருக்கிவிடும்.

செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான். கோகோபீட் மேலே வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். பிள்ளைகள் தினமும் ஊற்றுவார்கள். அப்போது தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி, நூல்போல் இளைத்து, நாற்று படுத்துவிடும். அதுதான் நாற்றழுகல்; விழுந்த நாற்றுக்கு மருந்தில்லை. முதல் வகுப்பில் இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: பையின் ஓரத்தில் விரலை இரண்டாம் கணுவரை விடு, ஈரமண் ஒட்டினால் இன்று தண்ணீர் கிடையாது.

பதில்: மழைத்தொட்டி

பாரத்தை யாரும் சொல்லலையே. நனைஞ்ச பை ஒண்ணு 20 கிலோவை நெருங்கும். மாடி நடுவில் குவிக்காதீங்க, கீழே தூண், பீம் போற ஓரமாப் பரப்பி வைங்க. அடியில் செங்கல் கொடுத்தா தண்ணி தேங்காது.

போர்வெல் தண்ணி உப்பா இருந்தா பை ஓரத்துல வெள்ளையாப் படியும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேர் எடுக்க முடியலைன்னு அர்த்தம். ஜூன்ல மழை வந்துடும், மாடிக் குழாயில் ஒரு டிரம் வைச்சுப் பிடிங்க. வாயைத் துணியால இறுக்கிக் கட்டணும், இல்லைன்னா கொசு முட்டையிடும்.

அல்சூர் மாடி

மிக்க நன்றி. பூச்சிக்கு?

பதில்: கீரைப்பாத்தி

முள்ளங்கி இலைக்கு அடியில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வரும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். சோப்பு சேராவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை கருகும். வெந்தயக்கீரைத் தட்டில் அடிக்க வேண்டாம், அது சீக்கிரமே அறுவடைக்கு வந்துவிடும்.