பைபாஸுக்குப் பிறகு ரத்த ரிப்போர்ட் உங்களிடம் என்ன சொன்னது?

ரயில்வே காலனி:
அப்பாவுக்கு பைபாஸில் மூன்று கிராஃப்ட், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக ஒட்டிய மாற்றுக் குழாய்கள். நெஞ்சுத் தமனி ஒன்று, காலிலிருந்து எடுத்த சிரை (பேச்சில் 'கால் நரம்பு') இரண்டு. வருடம் திரும்புவதற்குள் மறுபடி மூச்சு வாங்கியது. சி.டி. ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய் ஸ்கேன்) கால் நரம்பு ஒன்று அடைத்திருந்தது. எம்.டி. படிக்கும் சித்தி பையன் ஃபைலைப் புரட்டி, ஆபரேஷனுக்கு முந்தைய நாள் எடுத்த சி.பி.சி.யை (ரத்த அணுக்களின் எண்ணிக்கை ரிப்போர்ட்) உருவினான். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் வகை 78 சதவீதம், லிம்போசைட் வகை 12. முதலாவதை இரண்டாவதால் மொபைலில் வகுத்தால் விகிதம் 6.5. "பெரியப்பாவுக்கு இது கூடுதல்ணா, சாதாரணமா 1, 2, மிஞ்சினா 3 இருக்கும்" என்றான். 12க்குப் பக்கத்தில் லேபே தடித்த எழுத்தில் 'எல்' (குறைவு) போட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அடையாறு அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் இந்த விகிதம் 14 வந்தது! ஐ.சி.யூ. வாசலில் அழாத குறை. "நெஞ்சைத் திறந்திருக்கோம்மா, எல்லாருக்கும் ஏறும்" என்றார் டியூட்டி டாக்டர். இன்றுவரை கிராஃப்ட் எல்லாம் ஜோர். சளிக்கும் ஸ்டீராய்டுக்கும் ஏறுகிற கணக்கை நம்பி என்ன செய்ய?

பழைய லேப்காரன்:
அக்கா, நீங்கள் சொல்வது ஆபரேஷனுக்குப் பின், தம்பி சொல்வது முன். இரண்டையும் குழப்பக்கூடாது. இந்த விகிதம் கூடியவர்களுக்குக் கால் நரம்பு அதிகம் அடைத்ததாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு, ஒரு ஆளுக்கு ஜாதகம் இல்லை. நானும் பைபாஸ் ஆசாமிதான், நன்றாக இருக்கிறேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கால் நரம்பு குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. தமனியின் அழுத்தம் தாக்கினால் உள்சுவர் தடிக்கும். முதல் மாதம் ரத்தக்கட்டி, அப்புறம் தடிப்பு, வருடங்கள் போனால் கொழுப்பு. 10 வருடத்தில் கிட்டத்தட்ட பாதி நரம்புகள் அடைத்துப்போகும். நெஞ்சுத் தமனி பத்தில் ஒன்பது தாக்குப்பிடிக்கும். பல் பிடுங்குவதற்கென்று ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 70க்குக் கீழே, முடிந்தால் 55. லிப்போபுரோட்டீன் ஏ (ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள்) ஒரு தடவையாவது பாருங்கள், பரம்பரையாக வருவது, பிள்ளைகளுக்கும் உதவும். சிகரெட் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்?

ரயில்வே காலனி:
ஐயா, மாத்திரை எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அடையாறு அக்கா:
அந்த லிப்போ டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு போகணுமா?

பழைய லேப்காரன்:
வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம்.